கீழே இறங்கிய நீலம்

அத்தியாயம் 7

வக்கீலுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து அவன் வாய் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. நிலைமை அப்படி.

உண்மையில் அவன் வக்கீல் கிடையாது. சட்டக் கல்லூரி பெஞ்சை இரண்டு வருடம் தேய்த்துவிட்டு வெளியே வந்தவன். படிப்பு ஓடிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவன் கார் ஓட்டுவதும் கூடவே அலைவதும் டீச்சருக்காக. அந்த டீச்சரும் இப்போது டீச்சர் இல்லை. பதினோரு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். பாடம் நடத்துவதைவிடப் பரீட்சையில் காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில்தான் தனக்கு ருசி என்று ஒருநாள் தெரிந்துகொண்டு, துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார்.

இருவரும் நின்றிருந்தது ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தின் இரண்டாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஓரத்து அறையில், ஆறு வயதுக் குழந்தை ஒன்று படுத்திருந்தது. அந்தக் குழந்தையின் அப்பாதான் இவர்களைக் கூப்பிட்டவர். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். பேசும்போதெல்லாம் கண் அந்த ஜன்னலுக்கே போய்க்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். எல்லோர் உடம்பிலும் தானாகச் சுரக்கும் ஒரு புரதம் அந்தக் குழந்தையின் உடம்பில் சுரப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அதைத் தயாரிப்பது இந்த ஆய்வுக்கூடம். தொட்டியில் வளரும் செல்களிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது அப்பாவின் கை. பெற்ற பிள்ளைக்கான மருந்தைத் தானே பிரித்தெடுக்கிற வேலை எத்தனை பேருக்கு வாய்க்கும்? நாற்பத்தொரு தடவை பிசகாமல் செய்திருந்தார். நாற்பத்திரண்டாவது தடவை, இந்தப் புதன்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு சோதித்துப் பார்த்தால் மருந்து இல்லை.

குறைவாக இருக்கிறது என்று இல்லை. துளிகூட இல்லை.

நாளை மதியத்துக்குள் மருந்து ஏறாவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தொட்டி விளைவதற்குப் பத்து நாள். ஆய்வுக்கூடத்துத் தலைவியம்மா, செல்கள் கெட்டுப்போயிருக்கும், இப்படி எப்போதாவது நடப்பதுதான் என்று கையை விரித்துவிட்டார். போலீசுக்கும் போயிருந்தார் அப்பா. காணாமல் போனது எவ்வளவு பெரிசு என்று கேட்டிருக்கிறார்கள். உலர்த்தினால் ஒரு சிட்டிகை உப்பு அளவு என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

“செல் கெடலைங்க,” என்றார் அப்பா. “பிரிக்கிறதுக்கு முன்னாடி நானே டெஸ்ட் பண்ணினேன். மருந்து நெறைய இருந்துச்சு. டேங்க்குள்ள போனது, வெளிய வரலை. நடுவுல யாரோ எடுத்திருக்காங்க.”

“ஒரு சிட்டிகை உப்பைத் திருடுறவன் வீட்டுல ரசம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்,” என்றான் வக்கீல்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. டீச்சர் மட்டும், வாயை மூடு என்று சொல்லாமல் சொல்வதற்காகவே வைத்திருக்கும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவிடம், எனக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாயில் செய்து காட்டுங்கள் போதும் என்றார்.

அப்பா எழுந்து, முழ உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் இரண்டு திரவங்களை ஊற்றிக் குலுக்கினார். இரண்டுமே தண்ணீர்தான். ஒன்றில் ஒரு வகைப் பாலிமர், இன்னொன்றில் வேறு வகை. ஆய்வுக்கூடத்தில் அதற்குக் கோந்து என்று பெயர். இரண்டு கோந்துக்கும் ஏழாம் பொருத்தம். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக, நடுவில் கோடு போட்டாற்போல் பிரிந்து நின்றன. செல்களை உடைத்து இதற்குள் ஊற்றினால், ஆயிரக்கணக்கான புரதங்களும் கீழ் அடுக்கில்தான் போய் மொய்க்கும். மருந்தும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

“அப்புறம் அதை மட்டும் எப்படி மேல கொண்டு வர்றீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

மேல் கோந்தில் ஒரு கொக்கியைக் கட்டிவிடுவோம் என்றார் அப்பா. மருந்துப் புரதம் மட்டும் பிடித்துக்கொள்கிற கொக்கி. மற்ற எதுவும் அதைச் சீண்டாது. கோந்து மேலே போகும், கொக்கியும் கூடவே போகும், கொக்கியைப் பிடித்துக்கொண்டு மருந்தும் ஏறிவிடும்.

“கூட்டத்துல அப்பா விரலைப் பிடிச்சுக்கிட்டுப் படியேறுற குழந்தை மாதிரிங்க,” என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். கண் மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டது.

அந்தக் கொக்கி வேறொன்றுமில்லை, ஒரு சாயம். நல்ல நீல நிறம். கோந்தோடு பிரிக்க முடியாதபடி கட்டப்பட்ட சாயம். அதனால் எப்போதும் மேல் அடுக்கு நீலமாக இருக்கும், கீழ் அடுக்கு கஞ்சித் தண்ணீர்போல மங்கலாக இருக்கும். புதன்கிழமை மேலே நீலம் இருந்ததா என்று டீச்சர் கேட்டார். இருந்தது, டேங்கின் மூடியைத் திறந்து தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார் அப்பா. கீழ் அடுக்கைப் பார்த்தீர்களா என்றால், அதை யாரும் பார்ப்பதில்லை. எஃகு டேங்க். அளவுகோல் வைத்து மட்டம் பார்த்துக் குழாயைத் திறப்பார்கள். கீழே இருப்பது இரண்டு கறுப்புக் கேனில் இறங்கிக் குளிர் அறைக்குப் போய்விடும். அது கழிவு. கழிவை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? அதுவும் அன்றைக்குப் பாதி வேலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, ஓடிப்போய்த் திரும்பி வந்திருந்தார்.

டீச்சர் தன் சிறிய நோட்டில் எதையோ எழுதினார். வக்கீல் எட்டிப் பார்த்தான். ‘நீலம்’ என்ற ஒரே சொல். மணி மூன்றேகால் ஆகியிருந்தது. இந்த வேகத்தில் எழுதினால் நாளை மதியத்துக்குள் ஒரு வரி முடியும் என்று அவன் கணக்குப் போட்டான்.

அப்போதுதான் கழுவுகிற அம்மா வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்தார். கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, கழிவை அப்புறப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. தான் துடைத்துவைத்த இடத்தில் வக்கீல் ஷூவோடு நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. வக்கீல் அவசரமாக இரண்டடி நகர்ந்தான். நகரும்போது அவர் கையைப் பார்த்தான். மணிக்கட்டு வரை வெளிர்நீலம்.

“என்னம்மா இது, வானத்தையா துவைச்சீங்க?” என்றான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கேனால் வந்தது என்று அவர் பொரிந்து தள்ளினார். எட்டு வருடமாகக் கழிவுக் கேனைத் தூக்குகிறாராம். அதிலிருந்து சிந்தினால் கஞ்சித் தண்ணீர்போலத்தான் இருக்கும், கறை என்ற பேச்சே கிடையாது. இந்த வாரம் ஒரு கேனின் மூடி சரியில்லாமல் கையெல்லாம் நீலம், துணியெல்லாம் நீலம், இதை யார் துவைப்பது?

டீச்சர் நோட்டை மூடினார். “எந்தக் கேன்?”

“புதன்கிழமைக் கேன்தான். ரெண்டும் அதே கலர்தான்.”

அப்பா முக்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. கீழே நீலம் வரவே வராது, வரக் கூடாது என்று அவர் உதடு மட்டும் முணுமுணுத்தது.

“வந்திருக்கே,” என்றார் டீச்சர். “கோந்தோட கட்டின நீலம் மேலதான் நிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. கீழயும் நீலம் இருக்குன்னா அது கட்டாத நீலம். வெறும் கலர். கொக்கி இல்லைன்னா உங்க மருந்து எங்க இருக்கும்?”

“கீழயே,” என்றார் அப்பா. “கேன்ல.”

“யாரும் எதையும் எடுக்கலைங்க. நீங்களே கழிவுன்னு சொல்லி ஊத்தி வெச்சிருக்கீங்க. அம்மா, அந்தக் கேன் ரெண்டும் இப்ப எங்க?”

கழுவுகிற அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து அவர் குரல் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, கிருமி சாகக் கழிவைக் கொதிக்க வைக்கும் நாளாயிற்றே என்றார். கீழ்த்தளத்துப் பெரிய குக்கரில் ஒரு நேரத்துக்கு ஒரு கேன்தான் கொள்ளும். ஒன்றை ஏற்றி அரை மணி நேரம் ஆகிறது. அது இறங்கியதும் அடுத்ததை ஏற்ற வேண்டும் என்று கீழே ஆளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வக்கீல் தன் வாழ்நாளில் அப்படிப் படியிறங்கியதில்லை. அவனுக்கு முன்னால் அப்பா ஓடினார். கீழ்த்தளத்தில் அந்தக் குக்கர், ஆளுயர ஆட்டோகிளேவ், உஸ் என்று இரைந்துகொண்டிருந்தது. அதன் முகத்தில் இருந்த முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அப்பா நேராகப் போய் அந்தக் கதவின் மேலேயே கையை வைத்துவிட்டார். வக்கீல் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்ததால் உள்ளங்கை மட்டும் சிவந்ததோடு போயிற்று. புரதம் என்பது முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்றது. வெந்துவிட்டால் திரும்பாது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

இரண்டாவது கேன் தள்ளுவண்டியில் வாசலோரம் நின்றிருந்தது. அதை ஏற்ற வேண்டிய ஆள் பீடி பிடிக்க வெளியே போயிருந்தார். ஒரு மனிதனின் கெட்ட பழக்கத்துக்கு வக்கீல் மனதார நன்றி சொன்னது அன்றுதான். அப்பா குனிந்து அந்தக் கறுப்புக் கேனைக் கட்டிக்கொண்டார். சத்தமே வராமல் அழுதார். பாதி போயிற்று, பாதி இருக்கிறது. தூக்கமில்லாமல் மூன்று நாள் கிடந்த மனிதருக்கு எதற்காக அழுகிறோம் என்று தெரிந்திருக்காது.

கேன் குளிர் அறைக்குப் போனது. பாதி அளவு மருந்து போதுமா என்று டீச்சர் பெரிய டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். அடுத்தது வரும்வரை இழுத்துப் பிடிக்கும், ஆனால் நாளை மதியத்துக்கு மேல் என்றால் முழு அளவு கொடுத்தும் பயனில்லை என்று பதில் வந்தது.

அடுத்த இடி உடனே விழுந்தது. கேனிலிருந்து மருந்தை மேலே ஏற்ற அசல் கொக்கி வேண்டும். அப்பா ஸ்டோர் அறையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து, கண்ணாடிக் குழாயில் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கி வைத்தார். எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுக்குகள் பிரிந்தன. மேலே நீலம். கீழேயும் அதே நீலம். பாட்டிலில் இருப்பது வெறும் கோந்தும் வெறும் கலரும். புதிதாகக் கொக்கி கட்ட ஆறு வாரம் ஆகும்.

“அசலை எடுத்தவன்கிட்டதான் அசல் இருக்கும்,” என்றார் டீச்சர். “அவனைப் பிடிச்சா கொக்கி கிடைக்கும். வேற வழியில்ல.”

ஸ்டோர் அறைக்கு இரண்டே சாவி. ஒன்று தலைவியம்மாவிடம். இன்னொன்று ஸ்டோர் கீப்பரிடம். ஸ்டோர் கீப்பர் வேறு யாருமில்லை, குழந்தையின் தாய்மாமா. அக்கா வீட்டுக்காரர் சிபாரிசு செய்து, அவருக்காகக் கையெழுத்தும் போட்டுச் சேர்த்துவிட்ட வேலை. புதன்கிழமையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே பழியாய்க் கிடக்கிறாராம். அவர் சாவியை யாரிடமாவது கொடுத்தாரா என்று கேட்டுவரக் கிளம்பினார் டீச்சர்.

ரோட்டைக் கடக்கும்போதே வக்கீல் தன் வழக்கைக் கட்டி முடித்துவிட்டான். குற்றவாளி தலைவியம்மாதான். சாவி அவரிடம் இருக்கிறது. விசாரிக்கும் முன்பே செல் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதியதும் அவர்தான். கொக்கியின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? வேறொரு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்திருப்பார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“அவங்களா இருந்தா பாட்டில்ல எதுக்குக் கலரைக் கலக்கணும்?” என்றார் டீச்சர்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்.”

“நீலம்தான் கொக்கின்னு அவங்களுக்குத் தெரியும். கலரை மட்டும் போட்டா மறுநாளே டெஸ்ட்ல மாட்டிக்குவோம்னும் தெரியும். தெரிஞ்சவங்க இதைச் செய்ய மாட்டாங்க. இந்த நீலம் சும்மா ஒரு அடையாளம், மேல எது கீழ எதுன்னு பிரிச்சுப் பார்க்கப் போட்ட கலர், அது எந்தக் கலரா இருந்தா என்னன்னு நினைச்ச ஆளுதான் கலரைப் போட்டிருக்கான். பாட்டிலைத் தினம் தொட்டிருக்கான். உள்ள என்ன இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல.”

லிஃப்டில் மூன்றாவது மாடி ஏறும்வரை வக்கீல் தன் வழக்கின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஓரத்து அறையில் குழந்தையின் அம்மா கட்டில் காலில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தார். ஜன்னலோரம் தாய்மாமா நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். சாப்பிடாத முகம். சாவி எப்போதும் தன் இடுப்பில்தான் இருந்தது, யாரிடமும் கொடுக்கவில்லை என்று சொன்னார். டீச்சர் தலையாட்டிக்கொண்டார். பார்வை சுவரில் இருந்தது.

குழந்தை வரைந்து வரைந்து தள்ளியிருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அம்மா தேதி போட்டு ஒட்டியிருந்தார். வீடு, மரம், நாய், ஆஸ்பத்திரி, நீண்ட கழுத்தோடு ஒரு டாக்டர். முதல் இரண்டு வரிசையில் எல்லாப் படத்திலும் வானம் நீலம். கடைசி ஐந்து படத்தில் வானம் பச்சை.

குழந்தை விழித்துத்தான் இருந்தது. மூக்கில் குழாய். பேச்சு மட்டும் தெளிவாக வந்தது. வக்கீல் கட்டிலருகே குனிந்து, இந்த டாக்டர் ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தக்காரரா என்று கேட்டான். ஒட்டகச்சிவிங்கி தனியாக இருக்கிறது, அது நாய்க்குப் பின்னால் நிற்கிறது என்று குழந்தை திருத்தியது.

“வானம் ஏன் கண்ணு பச்சையா இருக்கு?” என்று கேட்டார் டீச்சர்.

“நீலக் கலர் இல்ல. மாமா எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆபீஸ்ல வேணுமாம். வேற வாங்கித் தரேன்னாங்க.” குழந்தை மூச்சு வாங்கியது. “மறந்துட்டாங்க.”

வக்கீல் நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலோரம் நின்ற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் எல்லாம் வந்துவிட்டது. போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது முழங்கை பட்டு அந்தப் பாட்டில் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. அது ஆறு வாரத்துச் சரக்கு என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு தடவை சாமான் உடைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார், மூன்றாவது என்றால் வேலை போய்விடும். போனால் கையெழுத்துப் போட்ட அத்தானின் மானமும் சேர்ந்து போகும். வேறொரு பாட்டிலில் வெறும் கோந்தை நிரப்பினார். நிறம் வேண்டுமே. குழந்தைக்குப் பிறந்தநாளுக்குத் தான் வாங்கிக் கொடுத்த வரைகிற மையிலிருந்து நீலத்தை எடுத்துக் கலந்தார்.

“கலர்தானேன்னு நினைச்சேன் மேடம்,” என்றார். “சும்மா அடையாளத்துக்குப் போடுற கலர்னு நினைச்சேன்.”

புதன்கிழமை மருந்து இல்லை என்றதும் தன் பாட்டில் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. செல் கெட்டுவிட்டது என்று தலைவியம்மா சொன்னதும் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தானிடம் சொல்ல மூன்று தடவை ரோட்டைக் கடந்து போயிருக்கிறார். மூன்று தடவையும் வாசலோடு திரும்பியிருக்கிறார்.

டீச்சர் அவரைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. “உடைஞ்ச பாட்டில்ல மிச்சம் இருந்துச்சா?”

“பாதி இருந்துச்சு. வேற பாட்டில்ல ஊத்திக் குளிர் அறையில, ஐஸ் பெட்டிக்குப் பின்னால வெச்சிருக்கேன்.”

“அதையே பழையபடி வெச்சிருக்கலாமே. எதுக்கு மறைச்சீங்க?”

அவர் தலை குனிந்தது. “கண்ணாடித் தூள் விழுந்திருக்கும் மேடம். பாப்பா ஒடம்புக்குள்ள போற மருந்து. குத்திடுமோன்னு பயமா இருந்துச்சு.”

வக்கீல் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டான். திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை தயாராக வைத்திருந்தான். ஒன்றுகூட உபயோகப்படவில்லை. அந்த ஆள் மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

நான்காவது தடவையாக ரோட்டைக் கடந்த தாய்மாமா, இந்த முறை வாசலோடு திரும்பவில்லை. குளிர் அறைக்குள் போய், ஒளித்து வைத்திருந்த பழுப்புப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக அத்தான் முன்னால் போய் நின்று, விழுந்ததிலிருந்து மை கலந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். தலைவியம்மாவும் அங்கேதான் இருந்தார். அப்பா கேட்டு முடித்தார். பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் இரண்டு மூன்று கண்ணாடித் துணுக்கு மினுக்கியது.

“வடிகட்டினா போயிருக்கும் மச்சான்,” என்றார். “ஒரு நிமிஷ வேலை. என்கிட்ட சொல்லியிருந்தா ஒரே நிமிஷம்.”

வடிகட்டினார். கேனிலிருந்ததைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றினார். இந்தத் தடவை எஃகு டேங்க் வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். மேல் கோந்தையும் கொக்கியையும் சேர்த்துக் கலக்கி வைத்தார். குழந்தையின் மை இதில் கலந்திருக்கிறதே என்று தலைவியம்மா கேட்டார். அதற்கும் சேர்த்து இரவு முழுக்க மூன்று வடிகட்டல் இருக்கிறது, மூன்றும் தேறினால்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். வக்கீல் தன் வழக்கை மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டான்.

ஜாடியில் கோடு விழுந்தது. மேலே அடர்ந்த நீலம். கீழே குழந்தையின் வெளிர்நீலம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை நிறத்தை யாரும் நம்பவில்லை. அப்பா மேல் அடுக்கிலிருந்து ஒரு சொட்டை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டு, சோதனைத் திரவம் சேர்த்தார். மருந்து இருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் மஞ்சள் ஊறி வரும். இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும்.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் தாய்மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான்காவது நிமிடம் சொட்டின் ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டியது. குழந்தையின் வானத்து நிறம். பிறகு அந்தப் பச்சையும் வெளுத்து, நடுவிலிருந்து மஞ்சள் மெதுவாக மேலெழுந்தது.

“ஏறிடுச்சு,” என்றார் அப்பா. முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாவது வடிகட்டலும் தேறியது. தலைவியம்மா கையெழுத்துப் போட்டார். வக்கீலும் டீச்சரும் வந்தபோது, கட்டை விரல் உயரக் குப்பி ஒன்று சிறிய குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது. தாய்மாமா கதவுக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்றிருந்தார். இரவெல்லாம் அங்கேயே நின்றிருக்கிறார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மச்சானுக்கு எதிரே போய் நின்றார். பிறகு பெட்டியை அவர் கையில் வைத்தார்.

தாய்மாமாவின் கை பின்னால் போய்விட்டது. “நான் வேணாம் அத்தான். கீழ போட்டுடுவேன்.”

“புடி. பிளாஸ்டிக் குப்பிதான். விழுந்தா உடையாது.” அப்பா அந்தக் கைகளை இழுத்துப் பெட்டியைச் சுற்றி வைத்து, தன் கையால் ஒரு நொடி அழுத்திப் பிடித்தார். “நேராப் போய் நர்ஸ் கையில குடு. குடுத்துட்டு கீழ கடைக்குப் போய் ஒரு நீலக் கலர் வாங்கிட்டு வந்துடு. மறந்துடாதே, நேத்தே புகார் சொல்லிட்டா.”

தாய்மாமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அவர் ரோட்டைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் ஒன்றும் பேசவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, துடைத்த தரையை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனான்.